அயல் எது? பெருந்தரவுக் கணிப்பும் விடுதலின் அறமும்

எல்லாவற்றையும் அறிந்த பின்னரே செயலில் இறங்குவது என்று மனிதன் உறுதி பூண்டிருந்தால், அவன் ஒரு வயலையும் உழுதிருக்க மாட்டான். ஒரு குளத்தையும் கட்டியிருக்க மாட்டான். சிலவற்றைக் கண்டு பலவற்றை உய்த்துணர்வதே அறிவு வளர்ந்த வழி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி, மாதிரியெடுத்தல் என்று இக்காலப் புள்ளிவிபரவியல் கூறும் முறையின் சுருக்கம் எனலாம். ஆயின் அந்தச் சோறு பானையின் எப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது, அடியிற் கருகிய சோற்றுக்கும் அது சாட்சி சொல்லுமா என்னும் வினாக்களுக்குப் பழமொழியில் விடையில்லை. சோறு நன்றாக வெந்தது என்று அறிவிக்கப்பட்ட பின்னர், கருகிய பங்கு யாருடைய இலையில் விழுகின்றது என்ற இடத்தில் அறத்தின் வினா எழுகின்றது.

முன்னைய தலைமுறைகளின் இடர் தரவின் வறுமை. இத்தலைமுறையின் இடர் தரவின் பெருக்கம். 1972 ஆம் ஆண்டில் முதலாவது லான்ட்சாற் செய்மதி ஏவப்பட்டது. அவ்வரிசைச் செய்மதிகளின் படங்களை 2008 ஆம் ஆண்டு முதல் எவரும் விலையின்றிப் பெறலாம் என்றாயிற்று. 2015 ஆம் ஆண்டில் ஏவத் தொடங்கப்பட்ட ஐரோப்பிய சென்ரினல்-2 செய்மதிகள் 10 மீற்றர் நுணுக்கத்தில், சில நாட்களுக்கு ஒரு முறை, ஒரே நிலத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கின்றன. தரவு வந்து குவிகின்றது. கணித்து முடிக்கக் காலம் போதவில்லை. ஆகவே, எதனை அளப்பது என்ற பழைய வினாவுடன், அளந்தவற்றுக்கு இடையிலான உறவுகளுள் எவற்றைக் கணிப்பிலிருந்து விடுவது என்ற புதிய வினாவும் சேர்ந்துள்ளது. இதனைக் கணனி வல்லுநரின் தொழில்நுட்பச் சிக்கல் என்றே பலர் கருதுவர். அது ஓர் அறவியற் சிக்கலுமாகும் என்பதையும், ‘அயல் எது?’ என்னும் வினாவே அதன் நடுநாடி என்பதையும், புத்தளக் கரையோரத்து எலுவன்குளத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கின்றது.

இடமும் அளவும்

எலுவன்குளம் புத்தளம் நகருக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுக்கு அப்பால், கலா ஓயா கடலோர நீர்ப்பரப்பை அடையும் இடத்துக்கு அண்மையில் உள்ள ஊர். அதன் வடக்கே வில்பத்துத் தேசிய வனம் தொடங்குகின்றது. ஆற்று முகத்தில் கங்கேவாடி மீனவர் குடியிருப்பும், இலங்கையின் பெரிய கண்டற்காடுகளுள் ஒன்றும் உள்ளன. அதற்கப்பால் புத்தளம் களப்பு. களப்பின் மறுகரையிற் கற்பிட்டித் தீபகற்பம். அதன் கடற்புறத்தில், 2011 இல் முதலாவது இயந்திரம் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம். ஊருக்கு அண்மையில் அருவக்காட்டுச் சுண்ணக்கல் அகழ்வுப் பள்ளங்கள். உலர்வலயக் குளம், காடு, ஆறு, கண்டல், களப்பு, கடல் என ஒன்றுக்கொன்று வேறுபட்ட நிலங்கள் இங்கு நெருங்கிக் கிடக்கின்றன. மாரியிற் கலா ஓயா பெருகி எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தை மூடும்போது, நிலத்துக்கும் நீருக்குமிடையே வரைபடத்தில் இட்ட கோடு எவ்வளவு தற்காலிகமானது என்பது புலனாகும்.

இத்தகைய நிலத்தின் மண்ணீரத்தையோ, களப்பின் உவர்ப்பையோ, நிலத்தடி நீரின் தரத்தையோ வரைபடமாக்க விரும்பும் ஒருவர் எல்லா இடத்தையும் அளக்க இயலாது. அளந்த இடங்களிலிருந்து அளவாத இடங்களை மதிப்பிட வேண்டும். இதற்கான முறை தங்கச் சுரங்கத்திற் பிறந்தது. தென்னாபிரிக்கப் பொறியியலாளர் டி. ஜி. கிரிகே 1951 ஆம் ஆண்டில், சில துளைகளில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு சுரங்கப் பகுதிகளின் தங்கச் செறிவை மதிப்பிடும் வழியை எழுதினார். பிரான்சியக் கணிதவியலாளர் ஜோர்ஜ் மாதெரோன் 1960களில் அதனைக் கணிதக் கோட்பாடாக்கினார். ‘கிரிகிங்’ என்னும் பெயர் அதனாற் பரவிற்று. அண்மையில் உள்ளவை ஒன்றையொன்று ஒத்திருக்கும், தொலைவு கூடக்கூட ஒப்புமை குறையும் என்பதே அதன் அடிப்படை எடுகோள். 1970 ஆம் ஆண்டில் புவியியலாளர் வால்டோ டொப்ளர் இதனைத் தமது துறையின் முதல் விதி என்றே அழைத்தார்.

இந்திய மரபிலும் இவ்வெண்ணத்துக்கு வேருண்டு. 1931 இல் இந்தியப் புள்ளியியற் கழகத்தை நிறுவிய பி. சி. மகலனோபிசு, 1930களின் பிற்பகுதியில் வங்காளத்துச் சணற் பயிர்ப் பரப்பை மதிப்பிட முற்பட்டபோது, அருகருகே உள்ள நிலத்துண்டுகள் ஒத்திருப்பதைக் கணக்கிலெடுத்தார். அத்துடன், களத்துக்குச் செல்லும் பயணம், அளவையாளரின் உழைப்பு, கணிப்பாளரின் உழைப்பு ஆகியவற்றின் செலவையும் ஆய்வின் ஓர் அங்கமாகவே கருதினார். குறித்த செலவில் இயன்றவரை துல்லியமாக அறிவது எப்படி என்பது அவர் எழுப்பிய வினா. வறிய நாட்டில் அறிவின் விலையை மறைக்காமற் பேசியது அவருடைய நேர்மை. இன்றைய விரைவுக் கணிப்பு முறைகள் அவ்வினாவின் வழித்தோன்றல்களே.

விலை எவ்வளவு என்பதை எண்களிற் காண்பது பயனுடையது. வில்பத்துத் தேசிய வனத்தின் பரப்பு ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். அதனை 10 மீற்றர்க் கட்டங்களாகப் பிரித்தால், சதுர கிலோமீற்றருக்கு 10,000 வீதம், ஒரு கோடியே 31 இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏனைய ஒவ்வொரு கட்டத்துடனும் உள்ள உறவின் அளவை நிரை நிரலாக எழுதினால் வருவது, கணிதத்திலே தாயம் எனப்படும் ஓர் எண்கட்டம். அதில் 170 இலட்சம் கோடிக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும். எண்ணொன்றுக்கு 8 பைற் என்று கொண்டால், சேமிப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 1,400 டெராபைற் வேண்டும். அத்தாயத்தைத் தீர்ப்பதற்கான செயல்களோ கட்ட எண்ணிக்கையின் முப்படிக்கு ஏற்பப் பெருகும். தரவு இருமடங்கானால் வேலை எண்மடங்காகும். விநாடிக்குப் பத்தாயிரம் கோடிச் செயல்களை ஆற்றும் ஒரு கணனிக்கு, இவ்வொரு தாயத்தை ஒரு தடவை தீர்க்க ஏறத்தாழ 240 ஆண்டுகள் பிடிக்கும். நடைமுறையில் அதனைப் பல தடவை தீர்க்க வேண்டியிருக்கும். ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையை ஆண்ட காலத்திற் கணிக்கத் தொடங்கியிருந்தால் இன்று ஒரு தடவை முடிந்திருக்கும் என்பது இதன் பொருள்.

விடுதலின் மூன்று வழிகள்

ஆகவே விடுதல் தவிர்க்க முடியாதது. எவ்வாறு விடுவது என்பதில் ஆய்வாளர் மூன்று பெருவழிகளைக் கண்டுள்ளனர். அவற்றைக் கணிதச் சூத்திரங்களாக மட்டும் நோக்காது, மனிதர் ஒருவரையொருவர் நடத்தும் முறைகளுடன் ஒப்பிட்டு நோக்கின் அவற்றின் அறப்பொருள் துலங்கும்.

முதலாவது, பிரதிநிதிகள் வழி. நிலப்பரப்பெங்கும் சில நூறு புள்ளிகளைத் தெரிந்தெடுத்து, ஏனைய கோடிக்கணக்கான இடங்களின் உறவுகள் யாவும் அப்புள்ளிகளினூடாகவே நடைபெறும் எனக் கொள்வது. கல்கத்தாவில் உருவாகி அமெரிக்காவிற் பணிபுரியும் சுதிப்தோ பானர்ஜியும் உடனாய்வாளரும் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இவ்வகையைச் சார்ந்தது. அதே ஆண்டில் நோவல் கிரெசியும் கார்டர் ஜொகான்னசனும் வெளியிட்ட முறையும் இதற்கு அண்மையது. பெரும் போக்குகளை இவை நன்கு காட்டும். பிரதிநிதிகளின் இடைவெளியினும் சிறியவற்றை மழுங்கச் செய்யும். காட்டோரத்துச் சிறுகுளமொன்று, கைவிடப்பட்ட இறாற்பண்ணைத் தொட்டியொன்று, வீட்டுக் கிணறொன்று ஆகியன சராசரிக்குள் மறைந்துவிடும். பிரதிநிதித்துவ ஆட்சியில் சிறுபான்மையினர் எதிர்நோக்கும் இடருடன் இதற்குள்ள ஒப்புமை வெளிப்படை.

இரண்டாவது, அயலவர் வழி. ஒவ்வோர் இடத்தையும் மதிப்பிடும்போது அதற்கு மிக அண்மையிலுள்ள சில இடங்களை மட்டும் கேட்டறிந்து மற்றையவற்றை விட்டுவிடுவது. ஆல்டோ வெக்கியா 1988 இல் முன்வைத்த இவ்வெண்ணத்தை, 2016 ஆம் ஆண்டில் அபிரூப் தத்தா, பானர்ஜி, பின்லி, கெல்ஃபாண்ட் ஆகியோர் விரிவுபடுத்தினர். அயல்கள் 15 எனக் கொண்டால், மேற்கூறிய வனம் முழுவதற்கும் வேண்டிய செயல்கள் ஏறத்தாழ 4,400 கோடி. அதே கணனிக்கு அது அரை விநாடி வேலை. தரவை எடுத்துவைக்கும் நேரமும் சேர்ந்தாற் சில நிமிடங்கள். 240 ஆண்டுகள் சில நிமிடங்களாகச் சுருங்குவது வியக்கத்தக்கதே. ஊரிற் செய்தியறிய விரும்புபவர் நாடு முழுவதையும் கேட்பதில்லை; அயல்வீட்டாரைக் கேட்கிறார். அயலவர் யாவரென்பது சரியாகத் தெரிந்திருக்கும் வரை இது நல்ல முறை.

மூன்றாவது, வெட்டும் வழி. குறித்த தொலைவுக்கு அப்பால் உறவே இல்லையெனக் கொண்டு தாயத்தின் பெரும்பாலான எண்களைச் சுழியாக்குவது. 2006 ஆம் ஆண்டில் ஃபரர், ஜென்ரன், நிச்கா ஆகியோர் இதனை எழுதினர். 2011 இல் லின்ட்கிரென், ரூ, லின்ட்ஸ்ட்ரோம் ஆகிய மூவரும், நிலத்தை முக்கோண வலையாகப் பின்னி, ஒவ்வொரு முடிச்சும் தன்னைத் தொடும் முடிச்சுகளுடன் மட்டும் நேரடியாக உறவாடும் வகையிற் கணிப்பை அமைத்தனர். நேரடி உறவு சிலவே எனினும், வலையினூடே கைமாறிச் செல்லும் உறவு தொலைவையும் எட்டும் என்பது இப்பின்னைய முறையின் சிறப்பு.

இவற்றுள் எது மேலானது? 2019 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஒப்பாய்வில், பல ஆய்வுக் குழுவினர் தத்தம் முறைகளைக் கொண்டு ஒரே தரவை மதிப்பிட்டனர். டெரா செய்மதி 2016 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4 ஆந் தேதி பதிந்த நில வெப்பநிலை அது. 500 நிரல்களும் 300 நிரைகளும் கொண்ட ஒன்றரை இலட்சம் கட்டங்கள். சில கட்டங்களின் அளவை மறைத்துவைத்து, அவற்றை யார் சரியாக மதிப்பிடுகின்றனர் எனச் சோதித்தனர். கணிப்பு நேரத்திற் பெரும் வேறுபாடுகள் இருந்தபோதிலும், பல முறைகளின் மதிப்பீடுகள் ஏறத்தாழ ஒரே தரத்தில் அமைந்தன. இது நம்பிக்கையூட்டும் முடிவு. ஆயினும் இத்தகைய சோதனைக்கு ஓர் எல்லையுண்டு. மறைத்துவைத்த கட்டங்களும் அதே செய்மதி ஒரு நாள் கண்டவையே. செய்மதி ஒருபோதும் காணாதவற்றை மதிப்பிடுவதில் எம்முறை தவறும் என்பதை அது கூற மாட்டாது.

நீர் வகுக்கும் அயல்

மேற்கூறிய வழிகள் யாவும் ‘அண்மை’ என்ற சொல்லின்மீது நிற்கின்றன. கணனிக்கு அண்மை என்பது, வேறு கட்டளை தரப்படாவிடின், நேர்கோட்டுத் தொலைவு. காகம் பறக்கும் தொலைவு என்று கூறலாம். எலுவன்குளத்தைச் சூழ்ந்த நிலமோ காகத்தின் கணக்கை ஒவ்வொரு திசையிலும் மறுக்கின்றது.

கற்பிட்டித் தீபகற்பத்தின் கடற்கரையையும் களப்புக் கரையையும் ஒடுங்கிய மணல்நிலமே பிரிக்கின்றது. வரைபடத்தில் அவை அடுத்தடுத்த புள்ளிகள். நீருக்கோ அவை வெவ்வேறு உலகங்கள்: ஒரு புறம் திறந்த கடல், மறுபுறம் வடக்கிலேயே கடலுடன் பரந்து கலந்து, தெற்கே ஒடுங்கி, வரட்சியில் உவர்ப்பு ஏறும் களப்பு. பாலாவியில் உப்பளங்கள் அமைந்தமைக்கு அவ்வியல்பும் வரண்ட காலநிலையும் துணை. நேர்கோட்டு அயல்களைக் கேட்டுக் களப்பின் உவர்ப்பை மதிப்பிடும் கணிப்பு, கடலின் அளவைக் களப்பினுள் ஊற்றிவிடும்.

இறாற்பண்ணைகளின் வரலாறு இதே பாடத்தைக் கடுமையாகக் கற்பித்தது. 1980களில் விரைந்து பெருகிய பண்ணைகள் புத்தளம் மாவட்டத்துக் கண்டல்களையும் சதுப்புகளையும் அழித்து எழுந்தன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது தொழில் சரிந்தது. தொட்டிகள் பல கைவிடப்பட்டன. ஒரு பண்ணை கழித்த நீரை மற்றொன்று உள்ளெடுக்கும் வகையில், ஒல்லாந்தர் வாய்க்காலும் அதனோடு இணைந்த முந்தற் களப்பும் அவற்றைத் தொடுத்திருந்தன. வேலிக்கு அப்பாலுள்ள தென்னந்தோப்பைவிட வாய்க்கால் வழியே பல கிலோமீற்றர் தொலைவிலிருந்த பண்ணையே நோய்க்கு அயலாயிற்று. வட்டம் வரைந்து அயல் தேடுவோர்க்கு இவ்வுறவு அகப்படாது.

கலா ஓயாவை நோக்கினால் அயலின் எல்லை மேலும் விரியும். ஏறத்தாழ 148 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாற்றை மறித்தே ஐந்தாம் நூற்றாண்டிற் தாதுசேன மன்னன் கலா வாவியைக் கட்டினான். 1976 ஆம் ஆண்டிற் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்டதும், போவத்தென்ன வழியாக அதன் நீரில் ஒரு பங்கு கலா வாவியை அடையலாயிற்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் நீரில் ஒரு பகுதி, மலையைத் துளைத்து, உலர்வலய வயல்களிற் பாய்ந்து, எஞ்சி வடிந்து எலுவன்குளத்துக் கண்டல்களை நோக்கி வருகின்றது எனலாம். மேட்டுநிலத்தில் எவ்வளவு நீர் மறிக்கப்படுகின்றது, வயலில் எவ்வளவு உரம் இடப்படுகின்றது என்பவை கங்கேவாடி மீனவனின் வலையைத் தொடும். தொலைவை வெட்டும் கணிப்பு முறைக்கு இவ்வுறவு சுழி.

மனிதர் தாமாகவே உண்டாக்கும் அயலும் உண்டு. கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆந் தேதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரின் கழிவைப் புகையிரதத்தில் ஏற்றி அருவக்காட்டுச் சுண்ணக்கற் பள்ளத்தில் நிலநிரப்பும் திட்டம் அதன் பின்னர் விரைவு பெற்றது. 2018, 2019 ஆம் ஆண்டுகளிற் புத்தளத்து மக்கள் அதனை எதிர்த்துப் பெருந்திரளாகப் போராடினர். ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நகரொன்று ஓர் அரச முடிவினால் எலுவன்குளத்தின் அண்டை வீடாயிற்று. அப்பகுதியின் கீழே கிடப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். சுண்ணக்கல்லில் நீர் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதில்லை. வெடிப்புகளையும் கரைந்த குகைகளையும் பற்றி ஓடும். ஆதலால், பள்ளத்தைச் சுற்றி இத்தனை மீற்றருக்கு அப்பால் பாதிப்பில்லை என்று வட்டம் வரையும் எந்தக் கணிப்பும், வெடிப்பின் வழியே இருக்கும் கிணற்றை அயலல்லாதது எனத் தள்ளிவிடக்கூடும். அக்கிணற்றில் நீர் அள்ளுபவருக்கு அந்தச் சுழி ஒரு கணித வசதியன்று.

இக்குறை விரைவு முறைகளின் பிறவிக் குறை எனக் கொள்ளுதல் தவறு. ஜே வெர் கூஃப், எரின் பீற்றர்சன் முதலியோர் 2006 தொடக்கம் ஆற்றின் ஓட்டவழித் தொலைவையும் நீர் சேரும் அளவையும் கொண்டு உறவை வரையறுக்கும் முறையை வளர்த்தனர். ஹாகன் பாக்காவும் உடனாய்வாளரும் 2019 இல், நிலம் குறுக்கிடும் இடங்களில் உறவு அந்நிலத்தைக் கடவாது சுற்றிச் செல்லுமாறு, முக்கோண வலை முறையை விரைவு குன்றாமல் திருத்தினர். எனவே நீரின் அயலைக் கணனிக்குக் கற்பிக்க இயலும். கற்பிக்க வேண்டும் என்று எண்ணுபவர் இருந்தாரா என்பதே வினா. இயலாமை மன்னிக்கப்படலாம், இயன்றும் வினவாது விடுதல் பொறுப்பிலிருந்து வழுவுதலாகும்.

காணாத கண்ணும் சொல்லாத ஐயமும்

அயலைச் சரியாக வகுத்த பின்னரும் இரண்டு கடமைகள் எஞ்சுகின்றன. தரவு எங்கே இல்லை என்பதை அறிதல் ஒன்று. மதிப்பீட்டின் நிச்சயமின்மையை மறைக்காதிருத்தல் மற்றொன்று.

ஒளிகொண்டு காணும் செய்மதி மேகத்தை ஊடுருவாது. புத்தளக் கரையில் மேகம் மிகுவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாரியில். கலா ஓயா பெருகுவதும் அக்காலத்தில். ஆகவே, வெள்ளம் ஊருக்குள் நுழையும் நாட்களே செய்மதியின் கண் மூடிய நாட்களாகின்றன. விடுபட்ட நாட்களைத் தெளிந்த நாட்களின் அளவுகளால் நிரப்பும் கணிப்பு, உலர்ந்த காலத்தின் அமைதியை வெள்ளக் காலத்தின் மீது பூசிவிடும். அளவுகள் எங்கே, எப்போது எடுக்கப்பட்டன என்பதே அளக்கப்படும் பொருளுடன் தொடர்புற்றிருப்பின் மதிப்பீடு சாயும் என்பதைப் பீற்றர் டிகிளும் உடனாய்வாளரும் 2010 ஆம் ஆண்டில் விளக்கியுள்ளனர். பாதையோரத்துக் கிணறே மாதிரிக்கு எடுக்கப்படுவதும், வாகனம் செல்லாத குடியிருப்பின் கிணறு விடப்படுவதும் இவ்வகையின.

எண்ணிக்கையின் ஆதிக்கமும் கருதத்தக்கது. ஒரு புறம் கோடிக்கணக்கான செய்மதிக் கட்டங்கள். மறுபுறம் கையால் நீர் அள்ளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய சில பத்துக் கிணறுகள். இரண்டையும் ஒரே கணிப்பில் இட்டால், கவனமின்றேல் கோடி பத்தை விழுங்கிவிடும். நிலத்தின் மேற்பரப்பைப் பற்றிய மிகுந்த அறிவு, நிலத்தடி பற்றிய சிறிதளவு அறிவைத் திரையிட்டு மறைக்கும். வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். துலாக்கோல் எவ்வளவு நேரியதாயினும், தட்டில் இடப்படாத பொருளை அது நிறுக்க மாட்டாது. தட்டில் எது இடப்படுகின்றது என்பதைத் தீர்மானிப்பது நிறுப்பவனின் அறம்.

நிச்சயமின்மையைப் பற்றியது இரண்டாவது கடமை. உறவுகளைப் பொருத்தமின்றி விடும்போது, பெரும்பாலும் முதலிற் பிழைபடுவது மதிப்பீடன்று. மதிப்பீட்டின் மீது வைக்கத்தக்க நம்பிக்கையின் அளவே. கற்பிட்டியின் மணற்பாங்கான நிலத்தில் மரக்கறிச் செய்கைக்கு இடப்படும் உரத்தால் நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறியிருப்பது ஆய்வுகளிற் காணப்பட்டது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எடுத்துக்காட்டாக, இரு கிணறுகளுக்கும் கணிப்பு 40 என்றே கூறுவதாகக் கொள்வோம். ஒன்றிற் கூடிக்குறையக்கூடிய அளவு 5, மற்றதில் 25. வரைபடத்தில் இரண்டும் பச்சை நிறம் பெறும். முதலாவது கிணற்றுக்கு அந்நிறம் பொருந்தும். இரண்டாவதற்குப் பச்சையிடுவது, அறியாததை அறிந்ததாகக் கூறுவதாகும். கணிப்பை விரைவாக்கும் பொருட்டு இரண்டாவது எண்ணைக் கணியாது விடும் வழக்கம் உண்டு. கணித்தும் வரைபடத்தின் அழகு கருதி நீக்கிவிடும் வழக்கமும் உண்டு. இரண்டும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள்.

எதிர்வாதங்கள்

இவற்றுக்கு எதிராக எழக்கூடிய வாதங்களை நோக்குதல் நேர்மை. சுருக்கமே வேண்டாம், முழுத் தாயத்தையும் தீர்க்கும் முறையொன்றே உண்மையானது என்று ஒருவர் கூறலாம். அவருக்கு இரு விடைகள் உண்டு. 240 ஆண்டுகளின் பின் வரும் உண்மை, இவ்வாண்டு வெள்ளத்தில் நிற்பவருக்குப் பயன்படாது. கணிக்காமல் இருப்பதும் ஒரு முடிவே, அதன் விளைவையும் யாரோ ஏற்கிறார்கள். மேலும், முழுக் கணிப்பு என்பது எடுத்துக்கொண்ட எடுகோளுக்கு மட்டுமே முழுமையானது. காகத்தின் தொலைவைக் கொண்டு அமைத்த தாயத்தை ஓரெண்ணும் விடாமல் தீர்த்தாலும், கடல் களப்பினுள் ஊற்றப்பட்டே இருக்கும். நீரின் அயலை அறிந்து செய்யும் சுருக்கக் கணிப்பு அதனினும் உண்மைக்கு நெருங்கியது.

தாயமும் சுழியும் ஊரவருக்கு விளங்குமா, அவர்களைக் கேட்பது வெறும் சடங்கன்றோ என்பது மற்றொரு வாதம். அவர்களிடம் சூத்திரத்தைக் கேட்க வேண்டியதில்லை. எந்த நீர் எங்கே செல்கின்றது, எவ்வாய்க்கால் எம்மாதத்தில் எதிர்த்து ஓடுகின்றது, எக்கிணறு மழையின் பின் கலங்குகின்றது என்று கேட்கலாம். வற்றும் பெருக்கும் அறிந்து களங்கட்டி வலையிறக்கும் மீனவருக்கும், குளத்தின் கலிங்கு வழியை அறிந்த கமக்காரருக்கும் அவ்விடைகள் தெரியும். அவர்களின் விடையே தாயத்தின் எவ்வெண்ணைச் சுழியாக்கலாகாது என்பதைக் கணிப்பாளருக்குக் கூறும். அவர்களின் அறிவிலும் தவறு நேரலாம். அதனைச் சோதிக்கும் பொறுப்பு ஆய்வாளருடையது. கேளாமலே விடுவதற்கு அத்தவறு காரணமாகாது.

ஆட்சியாளருக்கு ஒரே எண் வேண்டும், ஐயத்தைக் கூறினால் அவர்கள் ஒன்றையும் செய்யார் என்பது மூன்றாவது வாதம். இதில் ஓரளவு உண்மையுண்டு. ஐயத்தைக் காட்டி நடவடிக்கையை ஒத்திவைப்போர் எக்காலத்திலும் உளர். எனினும் ஐயம் மறைக்கப்பட்டால், பிழையின் சுமை முடிவெடுத்தவரிடமிருந்து நழுவி, பச்சை நிறத்தை நம்பி நீர் பருகியவரிடம் சேர்கின்றது. ஐயம் கூறப்பட்டால் அச்சுமை எவரிடம் இருக்க வேண்டுமோ அவரிடமே நிற்கும். எக்கிணற்றை முதலில் மீண்டும் அளக்க வேண்டும் என்பதும் தெரியவரும். அளவில் விரிந்த ஐயம் அடுத்த அளவைக்கு வழிகாட்டும் என்பதைச் சுரங்கத் துறையினர் தங்கத்துக்காகக் கற்றுக்கொண்டனர். குடிநீருக்காக அதனைக் கற்றுக்கொள்வதில் தடையேதும் இருத்தலாகாது.

விரைவுக் கணிப்பு இக்காலத்தின் தேவை. சூழலைக் காக்க விரும்புவோர் அதனை வெறுக்க முடியாது. அது கோரும் ஒழுக்கம் மூன்று கடப்பாடுகளில் அடங்கும். எவ்வுறவுகள் விடப்பட்டன என்பதை வரைபடத்தின் ஓரத்திலேயே யாவருக்கும் விளங்கும் மொழியில் எழுதுதல். அயலை வகுக்கும் முன் அவ்விடத்து நீரையும் காற்றையும் மண்ணையும், அவற்றோடு வாழ்வோரையும் கேட்டறிதல். மதிப்பீட்டுடன் அதன் ஐயத்தையும் இணைத்தே வெளியிடுதல். இம்மூன்றுக்கும் கணனியின் நேரம் மிகுதியாகத் தேவைப்படுவதில்லை. வேண்டியது கணிப்பவரின் நேரம். 240 ஆண்டுகளைச் சில நிமிடங்களாகச் சுருக்கிய துறை, மீதப்படுத்திய காலத்தில் ஒரு பகுதியை எலுவன்குளம் போன்ற ஊர்களுக்குச் சென்று அயல் எது எனக் கேட்பதிற் செலவிடுவது நியாயமானதே.